துன்பம் நல்லதென்று யார் சொல்லலாம்?

கவரைப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரை ஜி.என்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் சின்னச் சின்ன சபைகளில், ஞாயிறு ஆராதனையில் ‘சாட்சி நேரம்’ என்று ஒன்று உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், தேவைக்கு மேல் அலறும் ஸ்பீக்கர். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் மைக்கை நீட்டுவார். யாராவது எழுந்து தனக்கு நடந்ததைச் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து நூற்றுக்கணக்கில் கேட்டிருக்கிறேன். ஆட்கள் மாறுவார்கள், கதையின் எலும்புக்கூடு மாறாது. நல்லா இருந்தேன், கையில நாலு காசு இருந்தது, ஆண்டவரை மறந்தேன். அடி விழுந்தது. வேலை போச்சு, இல்லன்னா உடம்பு படுத்துச்சு, இல்லன்னா வீட்டுல ஒரு சாவு. முழங்கால்ல விழுந்தேன். இன்னிக்கு அவர் பக்கத்துல இருக்கேன். ஸ்தோத்திரம்.

இந்தக் கதையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழ்க் கிறிஸ்தவ மொழியில் தனிச்சொல் இருக்கிறது. விட்டுப்போனதற்குப் ‘பின்மாற்றம்’. விழுந்த அடிக்குச் ‘சிட்சை’. அடி விழுந்த பிறகு வருவது ‘தாழ்மை’. வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு இது ஒரு ஃபார்முலா போலத் தோன்றும். நாத்திக நண்பர்கள் சிரிப்பார்கள்: வேறு வழி இல்லாதபோது எல்லாருக்கும் கடவுள் ஞாபகம் வரும், இதில் என்ன அதிசயம்?

அந்தச் சிரிப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஃபார்முலாவோடும் முழு உடன்பாடு இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி இருக்கிறது. துன்பம் ஒருவரைக் கடவுளிடம் திருப்புகிறது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த உண்மையைச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

*

முதலில், இது நடக்கத்தான் செய்கிறது. அதை மறுத்துவிட்டு மேலே பேசமுடியாது.

2023-இல் ஐ.டி. கம்பெனிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பியபோது என் நண்பர் ஒருவருக்கும் வேலை போனது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, காலேஜுக்குப் பிறகு கோயில் பக்கமே போகாதவர். பன்னிரண்டு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறி, ஒவ்வொரு முறையும் சம்பளத்தை ஏற்றிக்கொண்டவர். ஒரு வியாழக்கிழமை காலையில் லேப்டாப் லாகின் ஆகவில்லை. ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். அந்த ஐந்து மாதத்தில் அவருக்கு எது உடைந்தது என்று பிறகு ஒருநாள் சொன்னார். “பணம் போனதுகூடப் பெருசில்ல. நான்தான் என் வாழ்க்கையை எழுதிட்டு இருக்கேன்னு நெனச்சிருந்தேன் பாரு, அது போச்சு.” அதற்குப் பிறகுதான் அவர் ஜெபிக்க ஆரம்பித்தார்.

உபாகமம் எட்டாம் அதிகாரம் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்த ஜனத்துக்கு மோசே எச்சரிக்கை கொடுக்கிறார். பசியால் தாழ்த்தப்பட்டீர்கள், மன்னாவால் பிழைத்தீர்கள். நாளைக்கு நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, வயிறு நிறைந்ததும், இதெல்லாம் என் கையால் சம்பாதித்தது என்று சொல்லிவிடாதீர்கள் என்கிறார். இதில் தாழ்மை என்பது தன்னைக் கேவலமாக நினைப்பது கிடையாது. ‘என் கை’ என்ற சொல்லை நிறுத்திப் பார்ப்பது. நம்மைத் தாங்கிக்கொண்டிருப்பவை எத்தனை, அவற்றில் நாம் உண்டாக்காதவை எத்தனை என்று எண்ணிப்பார்ப்பது. சௌகரியம் அந்தக் கணக்கை மறைத்துவைக்கிறது, நஷ்டம் திறந்து காட்டுகிறது. இந்த அளவுக்கு சாட்சி நேரத்துக் கதை சரியான கதைதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த எச்சரிக்கையைக் கொடுக்கிற மோசே அதே வனாந்தரத்தில் நடந்தவர், அதே மன்னாவைத் தின்றவர். ஏ.சி. அறையிலிருந்து அவர் பேசவில்லை.

*

இப்போது வேறொரு சாட்சி. என் அப்பாவுடையது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு ரோலிங் மில்லில் அவர் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தார். கம்பியை நீளம் பார்த்து வெட்டுகிற மெஷினில், ஒரு நைட் ஷிஃப்டின் கடைசியில், வலது கையின் இரண்டு விரல்கள் போயின. நான் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவருக்குக் குடியும் இருந்தது, அம்மா போகும் சபை மேல் எரிச்சலும் இருந்தது. கை ஆறிய பிறகு அம்மாவோடு சபைக்கு வர ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கை இடது கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: “இந்த ரெண்டு விரல் போனதாலதான் நான் ஆண்டவரைப் பார்த்தேன். போனது நல்லதுதான்.” அம்மா அழுதார்.

அதே வாரம் லேபர் காண்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். அவரும் வேறொரு சபையில் விசுவாசி. ஒரு கவரைக் கொடுத்துவிட்டு அவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான். “ஆண்டவர் உன்னைச் சிட்சிச்சிருக்காரு. எல்லாம் நன்மைக்கே.”

சொற்கள் ஒன்றுதான். முதலாவதைக் கேட்டபோது கண்ணில் நீர் வந்தது. இரண்டாவதைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று அந்த வயதில் சொல்லத் தெரியவில்லை. இன்று தெரிகிறது. அந்த மெஷினில் பிளேடுக்கு முன்னால் இருக்கவேண்டிய தடுப்பு இல்லை. வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றி வைத்திருந்தார்கள். காண்ட்ராக்டரின் வாயில் ‘ஆண்டவர்’ என்ற சொல், அந்தத் தடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கேள்வி வரவேண்டிய இடத்தில் ஸ்தோத்திரம் வந்தது.

சாஃப்ட்வேரில் ஒரு சிஸ்டம் விழுந்தால் நாங்கள் ‘போஸ்ட்மார்ட்டம்’ எழுதுவோம். நல்ல டீம்களில் அதற்கு ஒரு விதி உண்டு: எந்த ஆள் தப்பு செய்தார் என்று எழுதக் கூடாது, எந்தத் தடுப்பு இல்லாமல் போனது என்று எழுதவேண்டும். ஆளைக் குற்றம் சொல்லி முடித்துவிட்டால் மெஷின் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் அடுத்தவர் கை போகும்.

அதற்காக அப்பாவின் சாட்சியை நான் பொய் என்று சொல்லப்போவதில்லை. இரண்டு விரலை இழந்த மனிதர், அந்த இழப்பிலிருந்து தனக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டார். அதைப் பிடுங்க எனக்கு உரிமை கிடையாது. காண்ட்ராக்டருக்கு அதைக் கொடுக்கவும் உரிமை கிடையாது. துன்பம் நல்லது என்ற வாக்கியம் தன்மையில் சொல்லும்போது சாட்சி. முன்னிலையில் சொல்லும்போது பெரும்பாலும் தப்பித்தல்.

119ஆம் சங்கீதத்தில் இந்த எண்ணம் வருகிறது. தான் பட்ட உபத்திரவம் தனக்கு நல்லதாக முடிந்தது என்கிறார் பாடியவர். தான், தனக்கு. உனக்கு நல்லது என்று அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் (2021-இல்தான் அரசு அதற்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது) ஒரு பாட்டியிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 1990-இல் கடல் தாண்டி வந்தவர். இரண்டு பிள்ளைகளை அங்கே புதைத்தவர். தினமும் ஜெபமாலை சொல்கிறவர். அவர் சொன்னார்: “இவ்வளவு கஷ்டத்தாலதான் நான் அவரை விடாமல் பிடிச்சிருக்கிறன் எண்டு நான் சொல்லலாம் தம்பி. நீங்கள் சொல்லக் கூடாது.”

*

இந்த இடத்தில் யோபுவைப் பேசாமல் இருக்கமுடியாது. ஆனால் நாம் வழக்கமாக யோபுவைப் பற்றியே பேசுகிறோம், அவருடைய நண்பர்களை விட்டுவிடுகிறோம்.

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று பேர். செய்தி கேட்டு ஊர் விட்டு ஊர் வருகிறார்கள். யோபுவின் கோலத்தைப் பார்த்து, ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் அவரோடு பேசாமல் உட்காருகிறார்கள். அந்த முழுப் புத்தகத்திலும் அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்ததும் போஸ்ட்மார்ட்டம் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள், அதுவும் ஆளைக் குற்றம் சொல்லும் ரகம். நீ ஏதோ செய்திருக்கிறாய். கடவுள் உன்னைத் திருத்துகிறார். உன்னைத் தாழ்த்து, எல்லாம் சரியாகும். அவர்கள் சொல்வதைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பக்தியான வாக்கியங்களாகவே இருக்கின்றன. இன்றைக்கும் பிரசங்க மேடையில் அப்படியே சொல்லலாம்.

கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது அவர்கள் மேல். தன்னைப் பற்றி அவர்கள் சரியாகப் பேசவில்லை, யோபு பேசினார் என்கிறார். யோபுவோ அத்தனை அதிகாரங்களிலும் கடவுளோடு சண்டை போட்டிருக்கிறார், தான் பிறந்த நாளைச் சபித்திருக்கிறார். யோபுவும் முடிவில் தூளிலும் சாம்பலிலும் உட்கார்ந்து தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார், உண்மைதான். அவர் அப்படிச் செய்தது நண்பர்களின் வாதத்தில் தோற்றுப்போய் அல்ல. கடவுளே வந்து அவரிடம் பேசிய பிறகு. அதற்குப் பிறகு ஒன்று நடக்கிறது. நண்பர்கள் யோபுவிடம் போய், தங்களுக்காக ஜெபிக்கக் கேட்கவேண்டும் என்று கட்டளை. யாரைப் பாவி என்று அத்தனை நாள் விளக்கினார்களோ, அவரிடமே போய்க் கை கட்டி நிற்கவேண்டும். துன்பத்தில் தாழ்மை கற்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அந்தப் புத்தகம் வைத்திருக்கும் விடைகளில் ஒன்று: வேடிக்கை பார்த்து விளக்கம் சொன்னவர்கள்.

*

துன்பம் மனிதனை உயர்த்தும் என்ற நம்பிக்கையைத் தன் உடம்பால் சோதித்துப் பார்த்தவர் சிமோன் வெய்ல். பாரிஸில் வசதியான யூதக் குடும்பத்தில் 1909-இல் பிறந்தவர். தத்துவ ஆசிரியை. 1934 டிசம்பரில் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு ஆலைத் தொழிலாளியாகச் சேர்ந்தார். அடுத்த வருஷம் ஆகஸ்ட் வரை மின்சாதன ஆலை, ரெனோ கார் ஆலை என்று மெஷின்களில் நின்றார். தலைவலி, தீக்காயம், பீஸ் ரேட், திட்டு. கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் போகும் எவருக்கும் அவருடைய ஆலைக் குறிப்புகள் அந்நியமாக இருக்காது.

தொழிலாளியின் துன்பம் கோபமாகும், கோபம் புரட்சியாகும் என்று நினைத்துப் போனவர். நடந்தது நேரெதிர். சில வாரத்திலேயே தனக்குள் எதிர்ப்பு செத்து, சொன்னதைச் செய்யும் பணிவு வந்ததைப் பார்த்து அவரே பயந்தார். பின்னாளில் அவர் வைத்த வேறுபாடு முக்கியமானது. வெறும் வலி வேறு. உடம்பையும் மனசையும் சேர்த்து நொறுக்கி, ஊரின் பார்வையில் ஒருவனை ஒன்றுமில்லாதவனாக்கி, கடைசியில் அவனே தன்னை அருவருக்கும்படி செய்கிற துன்பம் வேறு. இரண்டாவது வகை ஆளை உயர்த்துவதில்லை. கடவுள் இல்லவே இல்லை என்பதுபோல ஆக்கிவிடும்.

ஆலையை விட்டு வந்த கொஞ்ச நாளில் போர்ச்சுகல்லில் ஒரு மீனவக் கிராமத்தில், திருவிழா இரவில், பெண்கள் மெழுகுவத்தி ஏந்திப் படகுகளைச் சுற்றிப் பாடிக்கொண்டு போவதைப் பார்த்தார். பழவேற்காட்டில் மகிமை மாதா திருவிழாக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவம் அடிமைகளின் மதம், தானும் அவர்களில் ஒருத்தி என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியது. நீட்சே ஏளனமாகச் சொன்னதை வெய்ல் உறவாக எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெண்களைப் பார்த்து, உங்கள் வறுமை நல்லது என்று அவர் சொல்லவில்லை. அவர்களுக்கு நடுவே தன்னையும் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

*

நமக்குத் தமிழ் இலக்கணமே இதில் உதவுகிறது. ஸ்கூலில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். தாழ்ந்தான் என்பது தன்வினை, தாழ்த்தினான் என்பது பிறவினை. ‘தாழ்மை’ என்ற புண்ணியமும், ‘தாழ்த்தப்பட்டவர்’ என்ற சொல்லில் உள்ள குற்றமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. கிறிஸ்து தன்னைத் தாழ்த்தினார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, செய்பவரும் படுபவரும் ஒருவரே. அதனால்தான் அது புண்ணியம். இன்னொருவரைத் தாழ்த்திவிட்டு, பார் எவ்வளவு தாழ்மையாக இருக்கிறான் என்று மெச்சுவது வேறு வியாபாரம்.

இது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதிகள் ஒருகாலத்தில் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசையின் அடிமனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்தது; எதிர்த்துப் பேசினால் வேலை மட்டுமல்ல, வீடும் போகும். 1892-இல் அரசு ஆணை வந்து, பிறகு பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற ஒதுக்கீடு அதிலிருந்துதான் தொடங்கியது. இப்படிக் குனியவைக்கப்பட்டவர்களிடம் போய்த் தாழ்மையைப் பிரசங்கிப்பது என்ன நியாயம்? அவர்களுக்குக் கிறிஸ்தவம் நிமிர்வதற்கான வழியாகவே வந்தது. வடதமிழ்நாட்டுச் சேரிகளில் சபை என்பது பலருக்கு முதன்முதலில் நாற்காலி கிடைத்த இடம்.

ஆனால் அவர்கள் வந்தபோது ஒரு பட்டம் காத்திருந்தது: ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’.

*

துன்பத்தில் கடவுளிடம் திரும்புவது பற்றிப் பேசும்போது நாம் இரண்டு தராசு வைத்திருக்கிறோம். என் ஐ.டி. நண்பர் வேலை போய்த் திரும்பி வந்தபோது, ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய சபையில் அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்தார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில், தினக்கூலி நின்றுபோன ஒருவர் எங்கள் பக்கத்துச் சபைக்கு வர ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் அங்கே கஞ்சி கொடுப்பார்கள். “கஞ்சிக்கு வர்றான்” என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு பேரையும் கொண்டுவந்தது நஷ்டம்தான். ஒருவருடையதற்குப் பெயர் மனந்திரும்புதல், இன்னொருவருடையதற்குப் பெயர் பிழைப்பு.

திருநாவுக்கரசரைச் சைவத்துக்குத் திருப்பியது சூலை நோய். வலி தாங்கமுடியாமல்தான் திருவதிகையில் அக்கா திலகவதியாரின் வாசலுக்கு வந்தார். அவரை ‘வயிற்றுவலிச் சைவர்’ என்று யாரும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. வலி கொண்டுவந்து விட்டது, அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்பதைத்தான் தமிழ் நினைவில் வைத்திருக்கிறது. பசியோடு வந்தவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன் இல்லை?

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் கிட்டத்தட்ட ஒரு சோதனையே நடந்திருக்கிறது. அதன் தடம் எங்கள் மாவட்டம் வழியாகவே போகிறது. எண்ணூரைத் தாண்டி, பழவேற்காடு வழியாக ஆந்திரத்துக்குள் போகிற பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். இன்று பல இடங்களில் அது சாக்கடை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அதன் சில பகுதிகள் நிவாரண வேலையாக வெட்டப்பட்டன. தென்னிந்தியாவில் அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் அரைக் கோடிக்கு மேல் என்கின்றன மதிப்பீடுகள். நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு ஒரு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது அரை கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு மண் வெட்டவேண்டும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து அதே ரயில் பாதையில் வடக்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் ஓங்கோல். அங்கே ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். மிஷனரி ஆவதற்கு முன் நில அளவையாளராக வேலை பார்த்தவர். அந்தத் தொழிலறிவை வைத்து, கால்வாயின் சில மைல் நீளத்தை வெட்டும் காண்ட்ராக்டை அவரே எடுத்தார். பட்டினியில் கிடந்த மாதிகா மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவருடைய உள்ளூர் உபதேசிகள் மேஸ்திரிகளாக நின்றார்கள். வேலையாட்கள் ஓய்வுக்கு உட்காரும்போது இவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள்.

இதில் கிளஃப் செய்த ஒரு காரியம்தான் முக்கியம். பஞ்சம் நடக்கும்போது ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்திவைத்தார். கூலிக்காக வந்தார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்பது ஒரு காரணம். தனக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கலாம். மாதக்கணக்கில் கேட்டார்கள், கொடுக்கவில்லை. மழை வந்து, நிவாரணம் முடிந்து, இனி கொடுப்பதற்குக் கையில் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் கூட்டம் கலையவில்லை. 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அரிசி தீர்ந்த பிறகு வந்தவர்களை அரிசிக் கிறிஸ்தவர் என்று எப்படிச் சொல்வது? அவர்களில் பலருக்கு அந்தச் செய்தி புதிதும் அல்ல. எர்ரகுண்ட்லா பேரய்யா என்ற மாதிகாத் தோல் வியாபாரி, யோகிகளின் வழியில் தேடிக்கொண்டிருந்துவிட்டு, 1866-இலேயே கிறிஸ்தவராகி ஊர் ஊராகப் பேசியிருந்தார். பஞ்சத்துக்குப் பத்து வருஷம் முன்பே தாகம் இருந்தது. கிறிஸ்தவரானால் செத்த மாட்டைத் தின்பதில்லை, திருவிழாவில் பறை அடிப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதில்லை என்றும் முடிவெடுத்தார்கள். அதற்காக ஊரின் கோபத்தையும் வாங்கிக்கொண்டார்கள். லாபக் கணக்கு போட்டு வந்தவர்கள் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் அதில் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். கும்மிடிப்பூண்டியில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் சர்டிஃபிகேட்டில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர். அரிசிக்காக மதம் மாறினார்கள் என்பவர்கள், மாறியதால் இழந்த அரிசியையும் ஒருமுறை எடைபோட்டுப் பார்க்கலாம்.

*

அப்படியானால் துன்பம் என்னதான் செய்கிறது? ஓங்கோல் கதையில் எனக்குப் படுவது இது. பசி அவர்களைத் திருப்பவில்லை. பசித்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் திருப்பினார்கள். அதே பஞ்சம், அதே ஒரு பவுண்டு தானியம், மற்ற இடங்களில் பிணங்களைத்தான் குவித்தது. என் அப்பா விஷயத்திலும் அப்படித்தான். விரல் போன மூன்று மாதம், சபையிலிருந்து இரண்டு பேர் முறைவைத்து ராத்திரி வந்து படுத்துக்கொண்டார்கள். அதில் ஒருவருக்கும் சிப்காட்டில் கைக்காயம் ஆனதுண்டு. சாட்சியில் அப்பா சொன்னது விரலைப் பற்றி. ஆனால் அந்த ராத்திரிகள் இல்லாமல் அந்தச் சாட்சி வந்திருக்குமா என்பது சந்தேகம்.

மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, ‘பறட்டை’ என்ற பெயரில் கிராமத்து மெட்டுகளில் பாட்டு எழுதியவர். கூட்டுக் குடும்பத்தின் ‘ஒரு உலை’யிலிருந்து இறையியல் செய்தார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாகத் தின்பதுதான் திருவிருந்து என்பது அவர் எண்ணம். தராசு இரண்டாக இருக்கும் இடத்தில் உலையும் இரண்டாகத்தான் இருக்கும். கஞ்சிக்கு வந்தவர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டு அவரோடு ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்னமுடியாது.

கெட்ட குமாரன் கதை எல்லாருக்கும் தெரியும். அவன் ஏன் திரும்பினான் என்று லூக்கா மறைக்கவில்லை. பன்றித் தீனிகூடக் கிடைக்காத பசியில், அப்பா வீட்டுக் கூலிக்காரர்களுக்கே வயிறாரச் சாப்பாடு கிடைக்கிறதே என்ற யோசனை வருகிறது. அதற்காக என்ன பேசவேண்டும் என்று ஒரு வசனத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான். உலகத்தின் முதல் அரிசிக் கிறிஸ்தவன் அவன்தான். அப்பா அவனை முழுதாகப் பேசவிடக்கூட இல்லை. பசிக்கா வந்தாய், பாசத்துக்கா வந்தாய் என்று கேட்கவில்லை. பட்டது உனக்கு நல்லதுதான் என்றும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டார்.

அந்த வீட்டில் மூத்தவன் ஒருவனும் இருக்கிறான். வயலிலிருந்து வருகிறான், பாட்டுச் சத்தம் கேட்கிறது, காரணம் தெரிந்ததும் உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் நின்றுவிடுகிறான். அவன் ஒரு நாளும் பட்டினி கிடந்ததில்லை, எங்கும் போனதில்லை, எல்லாம் சரியாகச் செய்தவன். சம்பளமும் இன்ஷூரன்ஸும் உள்ள நம்மில் பலர் அவன்தான். தம்பிக்குத் தாழ்மையைப் பசி கற்றுக்கொடுத்துவிட்டது. மூத்தவனுக்கு அதைக் கற்றுக்கொடுக்க எதுவும் வரவில்லை. கஞ்சிக்கு வந்த தம்பியின் பக்கத்தில் அவனாகப் போய் உட்காரவேண்டும். அப்பா வெளியே வந்து அவனைக் கெஞ்சிக் கூப்பிடுகிறார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை.